கூடி எண்ணினால் மட்டும் போதுமா?

செல்போன் கோபுரங்களால் சிட்டுக்குருவி அழிந்துவருகிறது என்பதை மேடைப் பேச்சிலும் பள்ளிக் கட்டுரைப் போட்டியிலும் வாட்ஸ்அப் செய்தியிலும் ஆண்டுக்கணக்கில் கேட்டிருக்கிறோம். 2018இல் வெளியான ‘2.0’ திரைப்படம் அந்த நம்பிக்கையை வைத்தே கதை சொன்னது. 2020 பிப்ரவரியில் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை சொன்ன சேதி வேறு. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், 25 ஆண்டுகளில் சிட்டுக்குருவியின் நிலை பெரிதாக மாறவில்லை. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் அது குறைந்திருக்கிறது. கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு, கிடைத்திருக்கும் ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

இவ்வளவு உறுதியாக எதை வைத்துச் சொன்னார்கள்? ஏறத்தாழ 15,500 பறவை ஆர்வலர்கள் இணையத்தில் பதிந்துவைத்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளை வைத்து. அவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். வேலைக்குப் போகும் முன்பும் விடுமுறை நாளிலும் ஏரிக்கரையில் நின்று எண்ணியவர்கள். 867 பறவை இனங்களைப் பற்றி அந்த அறிக்கை பேசியது. 2023இல் அடுத்த அறிக்கை வந்தபோது பங்களித்தவர்கள் 30,000 பேராகவும், குறிப்புகள் 3 கோடியாகவும், இனங்கள் 942 ஆகவும் உயர்ந்திருந்தன.

பலர் சேர்ந்து இணையத்தில் தரவு திரட்டுவது இன்று எளிது. கூகுள் படிவம் ஒன்றைத் தயாரித்து, இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மாலைக்குள் 200 வரிசைகள் சேர்ந்துவிடும். அவற்றில் பெரும்பாலானவை ஒரு மாதம் கழித்து யாருக்கும் பயன்படுவதில்லை. ஒரே ஊரின் பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். தேதி இருக்காது. எழுதியவர் யார், எதைப் பார்த்து எழுதினார் என்று தெரியாது. பறவை ஆர்வலர்களின் பட்டியல் மட்டும் பல ஆண்டுகள் கழித்தும் நாட்டின் நிலையைச் சொல்லும் சான்றாக நிற்கிறது. கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கை மட்டும் இதற்குக் காரணமில்லை. எண்ணத் தொடங்கும் முன்பே எப்படி எண்ணுவது என்று அவர்கள் உடன்பட்டிருந்தார்கள். பொதுத் தரவின் உயிர் அந்த உடன்பாட்டில்தான் இருக்கிறது. அரசு அலுவலகம் முதல் ஏரி பாதுகாப்புக் குழு வரை நாம் தவறவிடுவதும் அதைத்தான்.

காணாததும் ஒரு தகவல்

இந்தப் பதிவுகள் சேரும் இடம் ‘இ-பேர்டு’ என்ற தளம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் 2002இல் தொடங்கிய இத்தளம், 2010இல் உலகம் முழுமைக்கும் திறந்துவிடப்பட்டது. 2013 முதல் இந்தியர்கள் பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பில் பங்கேற்கிறார்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடக்கிறது.

ஒருவர் தன் பட்டியலைச் சமர்ப்பிக்கும்போது செயலி ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் கண்ட பறவைகள் அனைத்தையும் இதில் எழுதிவிட்டீர்களா? ‘ஆம்’ என்றால் அது முழுப் பட்டியல். ‘இல்லை’ என்றால், கண்ணில் பட்டதில் சிலவற்றை மட்டும் எழுதிய பட்டியல். இந்த ஒரே கேள்வியில்தான் அத்தனை பேருடைய உழைப்பின் மதிப்பும் அடங்கியிருக்கிறது.

ஏன் என்று பார்ப்போம். ஓர் ஊரில் சென்ற ஆண்டு 10 பேர் மயிலைப் பார்த்ததாகப் பதிந்தார்கள், இந்த ஆண்டு 40 பேர் பதிந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மயில் பெருகிவிட்டதா, பதிகிறவர்கள் பெருகிவிட்டார்களா? வெறும் எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. முழுப் பட்டியல்கள் கையில் இருந்தால் சொல்லிவிடலாம். சென்ற ஆண்டின் 100 பட்டியல்களில் எத்தனையில் மயில் இருந்தது, இந்த ஆண்டின் 100இல் எத்தனையில் இருந்தது என்று ஒப்பிட்டால் போதும். மயில் இல்லாத பட்டியலும் அங்கே பேசுகிறது: ஒருவர் அங்கே நின்றார், பார்த்தார், மயில் வரவில்லை. காக்கையையும் மைனாவையும் சலிக்காமல் எழுதியவரின் பொறுமைதான் பனங்காடை குறைந்துவருவதை நாட்டுக்குச் சொன்னது.

இதனுடன் எத்தனை நிமிடம் பார்த்தார்கள், எவ்வளவு தொலைவு நடந்தார்கள், எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். பத்து நிமிடத்தில் ஐந்து இனங்களும் இரண்டு மணி நேரத்தில் ஐந்து இனங்களும் ஒன்றல்ல. உழைப்பின் அளவு தெரியாத எண்ணை வேறு எந்த எண்ணோடும் ஒப்பிட முடியாது.

நால்வர், ஒரு பட்டியல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நால்வர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் தொலைநோக்கி வழியாகப் பார்த்து எண்ணிச் சொல்கிறார்: “நாமக்கோழி 42, முக்குளிப்பான் 6, ஊசிவால் வாத்து 120.” இன்னொருவர் கைபேசியில் குறித்துக்கொள்கிறார். நால்வரும் தனித்தனியே எழுதினால் 120 வாத்து 480 ஆகிவிடும். அதனால் ஒருவர் மட்டும் பட்டியலைச் சமர்ப்பித்து, மற்ற மூவருக்கும் பகிர்கிறார். மூவர் கணக்கிலும் அது சேர்கிறது. ஆய்வுக்கு எடுக்கும்போதோ நான்கும் ஒரே பட்டியலாகக் கொள்ளப்படும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வரிசையில் கடைசியாக வந்த பெண், கோரைக்குள் மறைந்த ஒரு பறவையைப் பார்க்கவில்லை என்றால், தன் படியிலிருந்து அதை மட்டும் நீக்கிவிடலாம். மற்ற மூவரின் படியில் அது அப்படியே இருக்கும். தலைவர் சொன்னார் என்பதற்காகப் பார்க்காததைப் பார்த்ததாக யாரும் கையெழுத்திட வேண்டியதில்லை. குழு வேலைக்கும் தனிமனித நேர்மைக்கும் இடையே மோதல் வராமல் அந்த ஏற்பாடு பார்த்துக்கொள்கிறது. நம் அலுவலகங்களில் ஒரே எக்செல் தாளை எட்டுப் பேர் திருத்தி, கடைசியில் ‘இறுதி’, ‘புதிய இறுதி’, ‘உண்மையான இறுதி’ என்று மூன்று கோப்புகளோடு நிற்கும் நிலையை எண்ணிப் பார்த்தால், இந்த எளிய ஏற்பாட்டின் அருமை விளங்கும். யார் எதற்குப் பொறுப்பு என்பது ஒவ்வொரு வரிசையிலும் எழுதப்பட்டிருக்கிறது.

சரிபார்ப்பவர் வேறொருவர்

முப்பதாயிரம் பேர் எழுதினால் பிழை வராதா? வரும். வரும் என்று தெரிந்தே அதற்கான வழியை முதலிலேயே வகுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும், ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்ச எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். குளிர்கால விருந்தாளியான ஊசிவால் வாத்தை மே மாதத்தில் பார்த்ததாகப் பதிந்தால், செயலி அதைத் தனியே குறித்து விவரம் கேட்கும். அந்தப் பதிவு அப்பகுதியின் சரிபார்ப்பாளரிடம் போகும். அவரும் ஒரு தன்னார்வலர்தான். அந்த வட்டாரத்தின் பறவைகளை நன்கு அறிந்தவர். அவர் எழுதிக் கேட்பார்: படம் இருக்கிறதா, வாலைப் பார்த்தீர்களா, அருகில் வேறு வாத்து இருந்ததா? விடை நிறைவாக இருந்தால் பதிவு ஏற்கப்படும். இல்லையென்றால் அது பதிந்தவரின் சொந்தப் பட்டியலில் இருக்கும்; பொதுத் தரவில் சேராது.

எழுதியவரே தன் எழுத்தைச் சரிபார்ப்பதில்லை என்பது இங்கே அடிப்படை விதி. கேள்வி கேட்பது அவமதிப்பாகவும் கொள்ளப்படுவதில்லை. மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடும் இல்லை. பல ஆண்டு அனுபவமுள்ள ஆய்வாளரின் பதிவும், நேற்றுச் சேர்ந்த கல்லூரி மாணவியின் பதிவும் ஒரே சல்லடையில்தான் விழுகின்றன. ‘அதிகாரியின் எண்ணை யார் கேள்வி கேட்பது’ என்று தயங்கும் நம் நிர்வாகப் பண்பாட்டுக்கு இது பெரிய பாடம்.

எங்கே எண்ணுவது என்பதிலும் ஒழுங்கு வேண்டும் என்பதைக் கேரளம் காட்டியது. ஆர்வலர்களை விருப்பம்போல் விட்டால் எல்லோரும் புகழ்பெற்ற ஏரிக்கும் காட்டுக்கும்தான் போவார்கள். ரப்பர் தோட்டத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் யார் போவது? 2015 முதல் 2020 வரை நடந்த கேரளப் பறவை வரைபடத் திட்டத்தில், மாநிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தார்கள். ஆண்டுக்கு இரண்டு பருவம், ஒவ்வொரு பருவத்திலும் 60 நாள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சேர்ந்து சுமார் மூன்று லட்சம் பதிவுகளில் 361 இனங்களைக் குறித்தார்கள். ஒரு மாநிலம் முழுவதையும் மக்களே இவ்வளவு ஒழுங்காக அளந்த திட்டம் இந்தியாவில் அபூர்வம்.

கொடுத்தவருக்குத் திரும்ப வேண்டும்

இ-பேர்டு தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் அது பெரிதாக வளரவில்லை. ‘அறிவியலுக்கு உதவுங்கள்’ என்ற அழைப்பு மட்டும் ஆட்களை இழுக்கவில்லை. பங்களிப்பவருக்கே பயன்படும்படி தளத்தை மாற்றி அமைத்த பிறகுதான் பதிவுகள் குவியத் தொடங்கின. தன் வாழ்நாளில் பார்த்த இனங்கள் எத்தனை, தன் மாவட்டத்தில் யார் எவ்வளவு பார்த்திருக்கிறார், எந்த ஏரிக்கு இப்போது எந்தப் பறவை வந்திருக்கிறது என்பதையெல்லாம் ஒருவர் நொடியில் பார்க்க முடிந்தது. அவர்கள் தந்த படங்களையும் ஒலிப்பதிவுகளையும் கொண்டே ‘மெர்லின்’ என்ற செயலி உருவானது. கூவும் பறவை எது என்று கைபேசியே இன்று சொல்கிறது. மொத்தத் தரவையும் ஆய்வுக்காக யாரும் கேட்டுப் பெறலாம். வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை.

நம் ஊர் நிலவரத்தை இதோடு வைத்துப் பாருங்கள். அங்கன்வாடிப் பணியாளரும் கிராமச் சுகாதாரச் செவிலியரும் ஆசிரியரும் நாள்தோறும் செயலிகளில் எண்களைப் பதிவேற்றுகிறார்கள். அந்த எண்கள் அலசப்பட்டு, ‘உங்கள் ஊரில் நிலைமை இது, பக்கத்து ஊரில் இது’ என்று அவர்கள் கைக்கே திரும்ப வருகிறதா? வராத இடத்தில் பதிவேற்றம் வெறும் கடமையாகிவிடும். கடமைக்கு எழுதும் எண்ணில் கவனம் இருக்காது. தரவின் தரத்தை உயர்த்த மேலும் ஒரு சுற்றறிக்கை அனுப்புவதைவிட, திரட்டியவருக்கு அதன் பயனைக் காட்டுவதே சிறந்த வழி.

இரண்டு பதிவேடுகள்

உடன்பாடு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதைக் கொரோனா காலம் காட்டியது. 2020 ஜூலை 22 அன்று தமிழ்நாட்டின் கொரோனா இறப்புக் கணக்கில் 444 இறப்புகள் ஒரே நாளில் கூடுதலாகச் சேர்ந்தன. அவை அன்றைக்கு நேர்ந்தவை அல்ல. முந்தைய மாதங்களில் சென்னையில் நேர்ந்து, மாநிலக் கணக்கில் விடுபட்டவை. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேடு ஒன்று, மாநில அரசின் பட்டியல் மற்றொன்று. இரண்டையும் ஒப்பிட ஒரு குழு அமைத்த பின்னர்தான் அந்த 444 பேர் கணக்குக்குள் வந்தார்கள். இரு தரப்பும் ஒரே தாளில், ஒரே விதிப்படி எழுதியிருந்தால் அந்தக் குடும்பங்களின் இழப்பு அன்றன்றே பதிவாகியிருக்கும்.

ஒன்றைப் பாராட்டியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் அன்றாட அறிக்கை, இறந்தவர் ஒவ்வொருவரின் வயது, ஊர், இணைநோய் ஆகியவற்றைப் பெயரின்றித் தனித்தனியே வெளியிட்டது. அவ்வளவு விவரமாக எழுதியதால்தான் வெளியிலிருந்தவர்களும் அந்தக் கணக்கைப் படித்துக் கேள்வி கேட்க முடிந்தது.

அதே காலத்தில் ‘கோவிட்19இந்தியா’ என்ற தன்னார்வலர் தளம் மாநிலங்களின் அறிக்கைகளைத் திரட்டி, ஒரே அட்டவணையாக நாட்டுக்குத் தந்தது. ஒரு மாநிலம் பி.டி.எஃப். கோப்பாக வெளியிடும், இன்னொன்று படமாக ட்விட்டரில் போடும். வெவ்வேறு ஊர்களில் இருந்த தன்னார்வலர்கள் டெலிகிராம் குழுவில் பேசிக்கொண்டு, ஒவ்வோர் எண்ணையும் மூல அறிக்கையோடு ஒப்பிட்டுக் கூகுள் தாளில் ஏற்றினார்கள். ஊடகங்களும் ஆய்வாளர்களும் அதையே நம்பினார்கள். 2021 அக்டோபர் 31 அன்று பணியை நிறுத்தப்போவதாக முன்கூட்டியே அறிவித்து, தரவையும் நிரலையும் பொதுவில் விட்டுச் சென்றார்கள். அதை எடுத்துக்கொண்டு வேறு தன்னார்வலர்கள் தொடர முடிந்தது. அந்தப் பிள்ளைகளின் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் அரசு செய்ய வேண்டிய தொகுப்பு வேலை, இரவு கண்விழித்த தன்னார்வலர்கள் தலையில் விழுந்தது சரியல்ல. எண்களை வெளியிடுவது என்றால், கணினி படிக்கும் அட்டவணையாக வெளியிட வேண்டும். படமாக ஒட்டிய எண்ணை யாரோ ஒருவர் மறுபடியும் தட்டச்சு செய்தாக வேண்டும். அந்த உழைப்பும் வீண், இடையில் நுழையும் பிழையும் வீண்.

எல்லைகளும் உண்டு

பறவைப் பதிவுகளிலும் குறை இல்லாமல் இல்லை. நகரங்களிலிருந்தும் தென்மாநிலங்களிலிருந்தும் பட்டியல்கள் குவிகின்றன. நடு இந்தியாவின் பல மாவட்டங்களில் அவை அரிது. நல்ல தொலைநோக்கியும் ஓய்வு நேரமும் உள்ளவர்களின் பார்வையே அதிகம் இடம்பெறுகிறது. ஏரியை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருக்கும் மீனவருக்கும், வரப்பில் நிற்கும் உழவருக்கும், காட்டை அறிந்த பழங்குடியினருக்கும் அதில் போதிய இடமில்லை. இந்த இடைவெளியை ஆய்வாளர்கள் கணக்கீட்டில் ஓரளவு சரிக்கட்டுகிறார்கள். ஆட்களைச் சேர்த்துச் சரிசெய்வதே முறையான தீர்வு.

திறந்த தரவு என்பதற்கும் வரம்பு உண்டு. வேட்டைக்கும் பிடிப்புக்கும் இலக்காகக்கூடிய இனங்களின் துல்லியமான இடத்தை இ-பேர்டு மறைத்துவிடுகிறது. பறவைக்கே அந்தக் கவனம் என்றால் மனிதருக்கு எவ்வளவு வேண்டும்? வீடு வீடாகத் திரட்டும் நோய் விவரமோ வருமான விவரமோ பெயரோடு வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவது குற்றத்துக்கு நிகரானது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் இந்தப் பழக்கத்தை நாம் சாதாரணமாகவே எடுத்துக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியவை

2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கைபேசிச் செயலி வழியாக நடத்தப்படும் நாட்டின் முதல் கணக்கெடுப்பு. நாடு தரவு திரட்டும் முறையே மாறும் இந்த நேரத்தில், பறவை ஆர்வலர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அரசுத் துறைகளுக்கும் பொருந்தும், நம் ஊர்க் குழுக்களுக்கும் பொருந்தும்.

முதல் வரிசையை எழுதும் முன் எந்தெந்தக் கட்டம், எந்த அலகு, ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது என்று எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் யார், எப்போது, எதைப் பார்த்து எழுதினார் என்பது இருக்க வேண்டும். ‘போனோம், இல்லை’ என்பதையும் எழுத வேண்டும். வெற்றிடமும் சுழியமும் ஒன்றல்ல. திருத்தினால் பழைய எண் அழியாமல் பக்கத்தில் நிற்க வேண்டும். திரட்டியவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. தனிமனித விவரத்தை நீக்கிய வடிவில் முழுத் தரவையும் யாரும் பதிவிறக்கும்படி வைக்க வேண்டும். தொடங்கியவர் விலகினால் பொறுப்பேற்பவர் யார், கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்பதை முதல் நாளே எழுதிவைக்க வேண்டும்.

இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை, உயர்ந்த தொழில்நுட்பமும் தேவையில்லை. ஓர் ஊராட்சியின் குளங்களில் மாதத்துக்கு ஒருமுறை நீர்மட்டம் அளக்க விரும்பும் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டக் குழுவும், தெருவில் குப்பை எடுக்கப்பட்ட நாளைக் குறிக்கும் குடியிருப்போர் நலச் சங்கமும் நாளையே இதைத் தொடங்கலாம். ஓராண்டு முடிவில் அவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் கொண்டுபோகும் மனுவில் புகார் மட்டும் இருக்காது, மறுக்க முடியாத சான்றும் இருக்கும்.

ஆட்சியாளர்களிடம் கேட்பது ஒன்றுதான். மக்களின் வரிப்பணத்தில் மக்களைப் பற்றித் திரட்டும் தரவை, மக்கள் சரிபார்க்கக்கூடிய வடிவில் வெளியிடுங்கள். வாசகர்களிடம் கேட்பதும் ஒன்றுதான். அடுத்த முறை ஒரு குழுவில் சேர்ந்து எதையாவது கணக்கெடுக்கப் போகிறீர்கள் என்றால், புறப்படும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விதிகளை எழுதிவிட்டுப் புறப்படுங்கள். அந்த ஒரு மணி நேரம்தான், நீங்கள் திரட்டும் எண்களைப் பத்து ஆண்டுகள் கழித்தும் நம்பத்தக்கதாக வைத்திருக்கும்.